1891ல் ஊட்டியில் கேட்டது: நம் மலையில் கண்காணிப்பின் கதை

சில வாரங்களுக்கு முன் பந்தலூர் பக்கம் ஒரு லயன் வீட்டுத் திண்ணையில் படிப்பு வட்டம் நடத்தினோம். கல்லூரி மாணவர்கள் பத்துப் பன்னிரண்டு பேர். தலைப்பு, உபா சட்டம். அரை மணி நேரம் போவதற்குள் ஒரு தம்பி கேட்டார்: "அண்ணா, அந்த பெகாசஸ் நம்ம போன்லயும் இருக்குமா?" எல்லாரும் சிரித்தார்கள். டீ கொண்டுவந்த வீட்டுக்கார அம்மா, தேயிலை பறித்து ஓய்வு பெற்றவர், சிரிக்கவில்லை. "எங்கள மண்டபத்துல இறங்குன நாள்ல இருந்து எண்ணிக்கிட்டுத்தான்யா இருக்காங்க" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்.

தம்பிக்கு நேர்மையான பதில், அநேகமாக இருக்காது என்பதுதான். அவ்வளவு விலை கொடுத்து வாங்கிய உளவு மென்பொருளைத் தேயிலைத் தொழிலாளியின் மகன்மீது வீணாக்க மாட்டார்கள். நம்மைக் கண்காணிக்க மலிவான வழிகள் எப்போதும் இருந்திருக்கின்றன. கண்காணிப்பு, தனிமனித உரிமை என்று யாராவது பேசினால் நாம் உடனே 2021ஐ, டெல்லியை, பத்திரிகையாளர்களை நினைக்கிறோம். அந்த அம்மா நினைத்தது மண்டபம் முகாமை. இந்தக் கட்டுரை அவர் சொன்னதைப் பின்தொடர்ந்து போகிறது. கொஞ்சம் பின்னாலிருந்தே தொடங்க வேண்டும்.

சிறையில் தொடங்கிய மலை

கூடலூரிலிருந்து ஊட்டிக்கு ஏறும் வழியில் நடுவட்டம் வருகிறது. பேருந்து அங்கே நிற்கும்போது பழைய சிறைக் கட்டடம் இருக்கிறது என்று சுற்றுலாக்காரர்கள் இறங்கிப் பார்ப்பார்கள். 1860களில் மலாய்க் கடற்கரையின் பிரிட்டிஷ் குடியேற்றங்களில் தண்டனை பெற்ற சீனக் கைதிகளை, அங்கே இடம் இல்லை என்று மதராஸ் மாகாணத்துக்கு அனுப்பினார்கள். அவர்களில் பலரை நீலகிரிக்கு ஏற்றி, சிங்கோனா மரம் நட வைத்தார்கள். தய்யசோலையில் இன்றும் ஒரு பகுதிக்கு ஜெயில் தோட்டம் என்றே பெயர். நீலகிரித் தேயிலை என்று பெட்டியில் பச்சை மலைப் படம் போட்டு விற்கிறார்களே, அந்தப் பசுமையின் முதல் பக்கங்களில் விலங்கு பூட்டிய கைகள் இருக்கின்றன.

தண்டனை முடிந்த பிறகு சிலர் திரும்பிப் போகவில்லை. நடுவட்டத்துக்கும் கூடலூருக்கும் இடையில் குடியேறினார்கள். காய்கறி போட்டார்கள், கொஞ்சம் காப்பி வைத்தார்கள், பால் விற்றார்கள். அவர்களை மணந்துகொண்டவர்கள் பறையர் சமூகப் பெண்கள். மலையில் வேறு யார் அவர்களை வீட்டுக்குள் சேர்த்திருப்பார்கள்?

இது எப்படி நமக்குத் தெரிகிறது என்றால், ஒருவர் வந்து அவர்களை அளந்து எழுதி வைத்ததால். எட்கர் தர்ஸ்டன். சென்னை அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளர், 1909ல் தென்னிந்தியச் சாதிகளையும் குடிகளையும் பற்றி ஏழு தொகுதி வெளியிட்டவர். அந்தச் சிறு குடியிருப்பில் தந்தைகள் சீனர்கள், தாய்கள் தமிழ்ப் பறையர் பெண்கள் என்று குறித்துக்கொண்டு, பிள்ளைகளின் மூக்கையும் கண்ணையும் தலையையும் அளந்தார். அவருக்கு அது விஞ்ஞானம். அளவுகோலுக்கு முன் நின்ற பிள்ளைகளுக்கு என்னவாக இருந்தது என்று யாரும் எழுதவில்லை.

இதே தர்ஸ்டன், உடல் அளவுகளை வைத்து ஆளை அடையாளம் காணும் முறையில் மதராஸ் போலீசாருக்குப் பாடம் எடுத்தவரும்கூட. அருங்காட்சியகத்துக்கு நம்மை அளந்த கருவியும் காவல் நிலையத்துக்கு நம்மை அளந்த கருவியும் ஒன்றுதான். பிறகு கைரேகை வந்தது. குற்றப் பரம்பரைச் சட்டம் 1871ல் வடக்கே தொடங்கி, 1911ன் சட்டத்தால் நம் மாகாணத்துக்கும் வந்தபோது ஜனங்கள் அதைச் சுருக்கமாக ரேகைச் சட்டம் என்றார்கள். 1920 ஏப்ரல் 3ல் பெருங்காமநல்லூரில் ரேகை வைக்க மறுத்த பிரமலைக் கள்ளர்கள்மீது துப்பாக்கிச் சூடு நடந்தது, மாயக்காள் உள்பட 16 பேர் செத்தார்கள். ஒரு மனிதன் தவறு செய்தானா என்பதல்ல கேள்வி. எந்தச் சாதியில் பிறந்தான் என்பதே பதிவேட்டில் ஏறப் போதுமான காரணமாக இருந்தது. இன்றும் ஊரில் திட்டும்போது சொல்கிற 'கேடி' என்ற வார்த்தை போலீஸ் பதிவேட்டிலிருந்து வந்ததுதான்.

ஓடினால் வாரண்டு

தோட்டத்துக்கு வருவோம். நம் முன்னோர்கள் சேலம், கோயமுத்தூர், திருச்சி, மைசூர்ப் பக்கங்களிலிருந்து மேஸ்திரி கொடுத்த முன்பணத்தை வாங்கிக்கொண்டு மலையேறினார்கள். பஞ்சம் ஒரு காரணம், ஊரில் இருந்த பண்ணை அடிமைத்தனம் இன்னொரு காரணம். முன்பணம் வாங்கியவன் வேலைக்கு வராவிட்டாலோ பாதியில் போய்விட்டாலோ சாதாரணக் கணக்குப்படி அது ஒரு கடன் வழக்கு. சிவில் கோர்ட்டில் தீர வேண்டியது. ஆனால் 1859ன் 13ஆம் சட்டம் அதைக் குற்றமாக்கியது. மாஜிஸ்திரேட் உத்தரவிட்டும் வேலைக்குப் போகாத தொழிலாளிக்கு மூன்று மாதம் வரை கடுங்காவல். கூலி கொடுக்காத துரைக்கு அப்படி ஒரு ஜெயில் கிடையாது.

அதுவும் போதவில்லை என்றார்கள் தோட்ட முதலாளிகள். 1893ல் உபாசி என்ற தென்னிந்தியத் தோட்ட முதலாளிகள் சங்கம் உருவானது. இன்று அதன் தலைமையகம் குன்னூரில் இருக்கிறது. அவர்கள் தொடர்ந்து கொடுத்த நெருக்கடியில் 1903ல் மதராஸ் தோட்டத் தொழிலாளர் சட்டம் பிறந்தது. நீலகிரிக்கும் வயநாட்டுக்கும் பொருந்தும் தனிச் சட்டம். ஓடிப்போன தொழிலாளியைத் தேடிப் பிடித்துக் கொண்டுவர அரசின் போலீசும் கோர்ட்டும் தோட்டத்துக்கு வேலை செய்தன. 1859ன் சட்டம் 1926ல்தான் முடிவுக்கு வந்தது. 1903ன் சட்டம் அந்தப் பத்தாண்டின் இறுதியில்.

சட்டம் போனாலும் தோட்டத்தின் அமைப்பு போகவில்லை. காலையில் கொம்பு அல்லது தப்புச் சத்தம், பெரட்டுக்களத்தில் வரிசை, பெயர் வாசிப்பு, செக்ரோலில் ஒரு கோடு. லயன் வீடு தோட்டத்துக்குச் சொந்தம். அங்கே யார் வருகிறார், யார் தங்குகிறார் என்பது துரைக்குத் தெரிந்தாக வேண்டும். உறவுக்காரர் வந்தாலும் சொல்ல வேண்டும், சங்கக்காரர் வந்தால் அத்துமீறல். 1929ல் அமைக்கப்பட்ட தொழிலாளர் ராயல் கமிஷன் 1931ல் அறிக்கை கொடுத்தபோது, தோட்டத் தொழிலாளர் குடியிருப்புகளுக்கு வெளியாட்கள் போய்வரும் வழி திறக்கப்பட வேண்டும் என்று சொல்ல வேண்டியிருந்தது. நம் வீட்டுக்கு விருந்தாளி வருவதற்கு லண்டனிலிருந்து ஒரு கமிஷன் வந்து பரிந்துரை செய்ய வேண்டியிருந்தது என்பதைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள்.

தனிமனித உரிமை பற்றிய புத்தகங்கள் 'வீடு ஒருவரின் கோட்டை' என்று தொடங்கும். லயனில் பிறந்தவர்களுக்கு அந்தக் கதை அந்நியம். நமக்கு வீடே கண்காணிப்பாளருடையதாக இருந்தது.

டிசம்பர் 1, 1891

இந்த இருட்டுக்கு நடுவில்தான் நம் மலை ஒரு பெரிய காரியத்தையும் செய்தது. அயோத்திதாசப் பண்டிதர் இளமையில் வாழ்ந்தது நீலகிரியில். 1870களிலேயே இங்கே அத்வைதானந்த சபை கண்டார். இரட்டைமலை சீனிவாசனும் நீலகிரியில் கணக்கர் வேலை பார்த்தவர்தான். அயோத்திதாசர் மணந்தது அவருடைய சகோதரியை. சென்னைக்கு முன்பே தலித் அரசியல் பேசிய ஊர் ஊட்டி என்று சொன்னால் அது மிகையல்ல.

1891 டிசம்பர் 1 அன்று திராவிட மகாஜன சபையின் மாநாடு ஊட்டியில் நடந்தது. பத்துத் தீர்மானங்கள். பள்ளிக்கூடம், உதவித்தொகை, அரசு வேலை, பொதுக் குளம் கிணற்றில் தண்ணீர், அரசு அலுவலகங்களுக்குள் தடையில்லாமல் போவது, பறையர் என்ற பெயரை இழிவாகப் பயன்படுத்துவதைத் தண்டிப்பது. இவற்றோடு இன்னொன்றும் இருந்தது. நம்முடைய மேடைகளில் அதிகம் பேசப்படாத தீர்மானம் அது: சிறை விதிகளில் பறையர் கைதிகளுக்கு இழிவேலை ஒதுக்கும் பிரிவை நீக்க வேண்டும்.

கவனியுங்கள். கைதியாகிவிட்டவனின் உரிமை பற்றிய தீர்மானம் இது. 'நல்ல மனிதர்களாகிய எங்களை மட்டும் மதியுங்கள்' என்று அவர்கள் கேட்கவில்லை. குற்றவாளி என்று தண்டிக்கப்பட்டவனுக்கும் சாதியின் பெயரால் கூடுதல் தண்டனை கூடாது என்றார்கள். குடியுரிமை இயக்கம் என்று இன்று நாம் அழைப்பதை இந்தியாவில் தொடங்கியது யார் என்று பரீட்சையில் கேட்டால் வேறு பெயர்களைத்தான் எழுதுவீர்கள். பாடப்புத்தகத்தில் அப்படித்தான் இருக்கிறது.

தீர்மானங்கள் அரசுக்குப் போயின, காங்கிரசுக்கும் போயின. சிறை விதிகள் மாறவில்லை. சுதந்திரம் வந்தது, அரசியலமைப்பு வந்தது, 17ஆவது பிரிவு வந்தது. சிறைக் கையேடுகளில் சாதி இருந்தது. 2024 அக்டோபர் 3ல்தான், பத்திரிகையாளர் சுகன்யா சாந்தா தொடுத்த வழக்கில், சாதி அடிப்படையில் வேலை ஒதுக்கும் சிறை விதிகளை உச்ச நீதிமன்றம் செல்லாது என்றது. கைதிகளின் பதிவேட்டில் இருக்கும் சாதிக் கலத்தை நீக்கச் சொன்னது. நம் மாநிலத்தின் பாளையங்கோட்டைச் சிறையில் சாதிவாரியாகக் கைதிகளைப் பிரித்து வைத்த விஷயமும் அந்த வழக்கில் பேசப்பட்டது. ஊட்டித் தீர்மானத்துக்கும் டெல்லித் தீர்ப்புக்கும் இடையில் 133 ஆண்டுகள்.

கழுத்தில் தகரம், கையில் அட்டை

அந்த அம்மாவின் மண்டபத்துக்கு இப்போது வரலாம்.

நீலகிரி மக்கள்தொகையில் தலித்துகள் சுமார் 32 சதவீதம் என்கிறது 2011 கணக்கெடுப்பு. தமிழ்நாட்டின் மிக உயர்ந்த விகிதங்களில் ஒன்று. இதில் பெரும் பகுதியினருக்கு ஒரு இலங்கைக் கதை இருக்கிறது. அவர்களின் தாத்தா பாட்டிமார் கங்காணியோடு கடல் கடந்தவர்கள். 1900களின் தொடக்கத்திலிருந்து, போகும் ஒவ்வொரு தொழிலாளியின் கழுத்திலும் ஒரு தகர வில்லை தொங்கியது. எந்த எஸ்டேட், எந்த எண் என்று அதில் பொறித்திருக்கும். கொள்ளை நோயைத் தடுக்க என்பது காரணம். ஆளைப் பார்சல் போல எஸ்டேட்டுக்குச் சேர்ப்பதும், செலவை அந்த எஸ்டேட் கணக்கில் எழுதுவதும் அதனால் சுலபமானது. அங்கே ஒரு தோட்டத்தை விட்டு இன்னொன்றுக்குப் போகத் 'துண்டு' வேண்டும். கடன் தீர்ந்தால்தான் துண்டு. 1921ல் அந்த முறை ஒழிந்தது.

1948ல் இலங்கைக் குடியுரிமைச் சட்டம் வந்தது. மலையகத் தமிழர்கள் ஒரே அடியில் நாடற்றவர்கள் ஆனார்கள். 1964 அக்டோபர் 30ல் சாஸ்திரியும் சிறிமாவோவும் கையெழுத்திட்டார்கள். 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு. மீதி ஒன்றரை லட்சம் பேரை 1974ல் ஆளுக்குப் பாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். பங்கு போடப்பட்டவர்களிடம் இரண்டு அரசும் கேட்டதாகத் தெரியவில்லை. தலைமன்னாரிலிருந்து ராமேசுவரத்துக்குக் கப்பல், பிறகு மண்டபம் முகாம். கையில் ஒரு குடும்ப அட்டை. யார் யார், எந்த வயது, எங்கே மறுவாழ்வு என்று எல்லாம் அதில் இருக்கும்.

1968ல் தொடங்கிய அரசுத் தேயிலைத் திட்டம், பிறகு டான்டீ ஆனது, இவர்களுக்காகக் காட்டைத் திருத்தி நட்டது. கூடலூர், பந்தலூர், சேரம்பாடி, கொளப்பள்ளி, நெல்லியாளம் எல்லாம் இப்படி நிறைந்த இடங்கள். அதிகாரக் கோப்பில் இவர்களுக்குப் பெயர் 'தாயகம் திரும்பியோர்'. கடைத்தெருவில் பெயர் 'சிலோன்காரன்'. இந்தியக் குடிமகன் என்று பாஸ்போர்ட் கொடுத்து அழைத்துவரப்பட்டவர்கள் என்பது மறந்துபோனது. சாதிச் சான்றிதழுக்குப் போனால், பூர்வீகம் எங்கே, அத்தாட்சி எங்கே என்று அலையவிட்டார்கள். சேரியை விட்டு நூறு வருடத்துக்கு முன் கடல் கடந்த குடும்பம் எந்த ஊர்க் கிராம அதிகாரியிடம் போய் அத்தாட்சி கேட்கும்?

1983க்குப் பிறகும், குறிப்பாக 1991 மே 21க்குப் பிறகும், 'சிலோன்' என்ற சொல்லே சந்தேகத்துக்கு உரியதாகிவிட்டது. அகதிகளாக வந்தவர்கள் முகாம்களில் பதிவு, புகைப்படம், ஆஜர் கணக்கு என்று அடைபட்டார்கள். சிலர் வெளிநாட்டினர் சட்டத்தின்கீழ்ச் சிறப்பு முகாம் என்ற பெயரில் சிறைகளில் வைக்கப்பட்டார்கள். நம் தோட்டங்களில் இருந்தவர்கள் அகதிகளே அல்ல. ஆனால் எங்கள் பெரியவர்கள் சொல்வார்கள், அந்த நாட்களில் விசாரிக்க வந்தவர்களுக்கு அந்த வித்தியாசம் தெரியவில்லை, சொன்னாலும் காதில் விழவில்லை. குடும்ப அட்டையை பிஸ்கட் டின்னில் போட்டு, அரிசிக்கு அடியில் வைத்துக் காத்தார்கள். லேமினேட் செய்து வைத்திருக்கும் வீடுகளை இன்றும் பார்க்கலாம்.

மலையகத் தமிழர்களில் இன்னொரு பகுதி, 1983ன் கலவரத்துக்குப் பிறகு அகதிகளாக வந்து முகாமிலேயே மாட்டிக்கொண்டது. அவர்களில் 65 பேர் தொடுத்த வழக்கில் 2019 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை, இவர்கள் இந்திய வம்சாவளியினர், குடியுரிமைக் கோரிக்கையைப் பரிசீலியுங்கள் என்றது. அதே ஆண்டு டிசம்பரில் வந்த குடியுரிமைத் திருத்தச் சட்டத்தில் இலங்கை இல்லை.

'எதிர்: மதராஸ் மாகாணம்'

சட்டக் கல்லூரி மாணவர்களுக்கு ஒரு வேலை. குடியுரிமை பற்றிய ஆரம்பகால உச்ச நீதிமன்ற வழக்குகளின் பெயர்களைப் பாருங்கள். ஏ.கே. கோபாலன் எதிர் மதராஸ் மாகாணம், 1950. ரொமேஷ் தாப்பர் எதிர் மதராஸ் மாகாணம், 1950. மதராஸ் மாகாணம் எதிர் வி.ஜி. ராவ், 1952. விசாரணை இல்லாமல் அடைப்பது, பத்திரிகையைத் தடுப்பது, அமைப்பைத் தடை செய்வது. மூன்றிலும் நம் அரசுதான் மறுதரப்பில் நிற்கிறது.

கோபாலன் தோற்றார். தடுப்புக் காவல் செல்லும் என்றது நீதிமன்றம். இங்கே அம்பேத்கரைப் பற்றி நேர்மையாகப் பேச வேண்டும், ஏனென்றால் எதிர்த்தரப்பு இதை நம் முகத்தில் எறியும். தடுப்புக் காவலுக்கு இடம் கொடுக்கும் 22ஆவது பிரிவை அவையில் கொண்டுவந்தவர் அவர்தான், 1949 செப்டம்பரில். உரிய சட்ட நெறிமுறை என்ற பாதுகாப்பை அரசியல் நிர்ணய சபை முன்பே கைவிட்டிருந்தது. அதனால் உண்டான இழப்பைக் கொஞ்சமாவது ஈடுகட்டத்தான் இது என்று அவர் மறைக்காமல் சொன்னார். கைதுக்குக் காரணம் சொல்வது, 24 மணி நேரத்தில் மாஜிஸ்திரேட் முன் நிறுத்துவது, வக்கீல் எல்லாம் அந்தப் பிரிவில்தான் வந்தன. தடுப்புக் காவல் கைதிக்கு மட்டும் அவற்றில் பலவும் இல்லை. பாதுகாப்பையும் பள்ளத்தையும் ஒரே பிரிவு வைத்திருக்கிறது. அம்பேத்கர் செய்ததால் அதைச் சரி என்று நாம் சொல்ல வேண்டியதில்லை. அவர் மேல் பழி போட்டுவிட்டு மற்றவர்கள் தப்பிக்கவும் விடக் கூடாது.

அடுத்து இன்னும் சிக்கலானது. தாப்பர் வழக்கில் பத்திரிகைச் சுதந்திரம் ஜெயித்தது. செண்பகம் துரைராசன் வழக்கில், அதுவும் மதராஸ்தான், 1951 ஏப்ரலில் வகுப்புவாரி உத்தரவு தோற்றது. இரண்டுக்கும் பதிலாக அதே ஆண்டு ஜூனில் முதல் அரசியலமைப்புத் திருத்தம் வந்தது. ஒரே திருத்தம் நமக்கு 15(4) என்ற இடஒதுக்கீட்டுக் கதவைத் திறந்தது, அரசுக்குப் 'பொது ஒழுங்கு' என்று சொல்லிப் பேச்சைக் கட்டுப்படுத்தும் அதிகாரத்தையும் கொடுத்தது. 15(4)ஐ மட்டும் எடுத்துக்கொண்டு கொண்டாடும் பழக்கம் நம்மிடம் இருக்கிறது. மற்றப் பாதியும் நம் தலையில்தான் விழுகிறது.

உபாவுக்கும் ஒரு தமிழ்நாட்டு வேர் உண்டு. 1963ல் வந்த 16ஆவது திருத்தம் நாட்டின் இறையாண்மை, ஒருமைப்பாடு என்ற சொற்களைச் சேர்த்தபோது டெல்லியின் மனதில் இருந்தது திராவிட நாடு கோரிக்கை. அதன் தொடர்ச்சியாக 1967 டிசம்பரில் உபா. பிறகு 2004, 2008, 2012, 2019 என்று ஒவ்வொரு திருத்தத்திலும் பல் முளைத்தது.

நடுவில் வந்தவை தெரிந்த கதைகள். மிசா, அதில் சென்னை மத்தியச் சிறையில் அடி வாங்கிச் செத்த சிட்டிபாபு. 1980ல் தேசியப் பாதுகாப்புச் சட்டம். 1982ல் நம் மாநிலத்தின் குண்டர் சட்டம். 1985ல் தடா. ராஜீவ் வழக்கில் 26 பேருக்கும் தூக்கு என்றது தடா நீதிமன்றம். 1999ல் உச்ச நீதிமன்றம் இது தடாவின்கீழ் வரும் குற்றமே அல்ல என்று சொல்லி 19 பேரை விடுவித்தது, ஆனால் தடா முறையில் வாங்கிய வாக்குமூலத்தை மற்றவர்களுக்கு எதிராக வைத்துக்கொண்டது. 2002ல் பொடா. நாடாளுமன்றத்தில் அதை ஆதரித்த வைகோவே சில மாதங்களில் அதில் உள்ளே போனார். சட்டம் போடும்போது நம் பெயர் அதில் இருக்காது என்று நம்புவது அரசியல்வாதிகளுக்கும் உள்ள வியாதி.

இப்போது

2018 ஜனவரி 1ல் பீமா கோரேகானில் தலித்துகள் தாக்கப்பட்டார்கள். அந்த ஆண்டே உபாவில் உள்ளே போனது தலித் வழக்கறிஞர் சுரேந்திர காட்லிங்கும் மற்றச் செயல்பாட்டாளர்களும். ஆனந்த் தெல்தும்டே சரணடைந்தது 2020 ஏப்ரல் 14, அண்ணல் பிறந்தநாள். வெளியே வந்தது 2022 நவம்பர் 26, அரசியலமைப்பு நாள். நம் திருச்சி மாவட்டத்தில் பிறந்த ஸ்டேன் சாமி வெளியே வரவே இல்லை, 2021 ஜூலை 5ல் பிணையை எதிர்பார்த்தபடியே இறந்தார். ரோனா வில்சனின் கணினியில் வெளியிலிருந்து கோப்புகள் திணிக்கப்பட்டிருந்தன என்று அமெரிக்காவின் ஆர்சனல் கன்சல்டிங் என்ற தடயவியல் நிறுவனம் சொன்னது. அந்தத் தம்பியின் கேள்விக்கு இது இன்னொரு பதில். போனில் நாம் என்ன வைத்திருக்கிறோம் என்பது மட்டுமல்ல ஆபத்து, நமக்குத் தெரியாமல் என்ன வைக்கப்படும் என்பதும்தான்.

மலையில்? மூன்று மாநிலங்கள் சந்திக்கும் இடம் இது. 2016 நவம்பரில் எல்லைக்கு அந்தப் பக்கம் நிலம்பூர்க் காட்டில் குப்பு தேவராஜும் அஜிதாவும் சுட்டுக் கொல்லப்பட்ட பிறகு, இந்தப் பக்கக் கிராமங்களில் அதிரடிப் படையின் நடமாட்டம் கூடியது. பழங்குடிக் குடியிருப்பில் புதிதாக யார் வந்தாலும் கேள்வி. படிப்பு வட்டம் நடத்த நாங்கள் போனாலும், "நீங்க எந்த அமைப்பு?" என்பதே முதல் கேள்வி. 2024 மே முதல் உயர் நீதிமன்ற உத்தரவுப்படி மலைக்கு வரும் வெளி வாகனங்களுக்கு இ-பாஸ். சூழலுக்கு நல்லதாக இருக்கலாம், எங்களுக்கும் நெரிசல் பிடிக்காது. ஆனால் யார் எப்போது வந்தார் என்ற அந்தப் பட்டியல் எத்தனை காலம் யாரிடம் இருக்கும் என்று யாராவது கேட்க வேண்டும்.

தர்ஸ்டனும் திரும்பி வந்துவிட்டார். 1920ன் கைதிகள் அடையாளச் சட்டத்தை நீக்கிவிட்டு 2022ல் புதிய சட்டம் அமலுக்கு வந்தது. கைரேகை மட்டுமல்ல, கண்ணின் கருவிழி, உடல் மாதிரி, கையெழுத்து, நடத்தை வரை எடுக்கலாம். 75 ஆண்டுகள் வைத்திருக்கலாம். தடுப்புக் காவலில் அடைக்கப்பட்டவரிடமும், அதாவது குற்றமே நிரூபிக்கப்படாதவரிடமும் எடுக்கலாம். தடுப்புக் காவலில் அதிகம் பேரை வைத்திருக்கும் மாநிலங்களில் முன்வரிசையில் இருப்பது எது என்று உங்களுக்குத் தெரியும்.

டான்டீ 2,000 ஹெக்டேருக்கு மேல் வனத்துறைக்குத் திருப்பிக் கொடுக்கும் என்று 2022ல் அரசு முடிவு செய்தபோது தோட்டங்களில் மக்கள் தெருவுக்கு வந்தார்கள். இனியும் வருவார்கள். அப்போது முன்னால் நிற்கும் பையன்மீது குண்டர் சட்டம் பாயாது என்று யாரும் உத்தரவாதம் தர முடியாது. 2017ல் சேலத்து மாணவி வளர்மதி துண்டறிக்கை கொடுத்ததற்காகவே அதில் அடைக்கப்பட்டார். 2018ல் தூத்துக்குடியில் 13 பேரைச் சுட்ட பிறகு போராட்டக்காரர்கள்மீது தேசியப் பாதுகாப்புச் சட்டம் போட்டார்கள். இரண்டு உத்தரவுகளும் நீதிமன்றத்தில் உடைந்தன.

ஏன் உடைகின்றன என்பதைத் தெரிந்துகொள்ளுங்கள். காவலுக்கான காரணங்களை எழுத்தில், ஐந்து நாளுக்குள், கைதிக்குப் புரியும் மொழியில் கொடுக்க வேண்டும். ஆங்கிலத் தாளை நீட்டிவிட்டுப் போனால் போதாது என்று 1962லேயே ஹரிகிசன் வழக்கில் தீர்ப்பு இருக்கிறது. இணைப்புத் தாள்களில் ஒரு பக்கம் படிக்க முடியாமல் இருந்தாலும், நாம் கொடுத்த மனுவுக்கு அரசு காரணமில்லாமல் தாமதித்தாலும் உத்தரவு ஆட்டம் காணும். அதனால் தாள்களை ஒன்று விடாமல் வாங்குங்கள், வாங்கிய தேதியும் நேரமும் எழுதி வையுங்கள், மனுவைப் பதிவுத் தபாலில் அனுப்பி ரசீதை வையுங்கள். அறிவுரைக் குழுமத்தின் முன் கைதிக்கு வக்கீல் உரிமை இல்லை. ஆனால் ஏ.கே. ராய் வழக்கில், 1981 டிசம்பரில், வக்கீல் அல்லாத ஒரு நண்பரின் உதவியைக் கைதி பெறலாம் என்று உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. ராய் தன்பாத் நிலக்கரித் தொழிலாளர்களின் தலைவர், அவரே அந்தச் சட்டத்தின் கைதி.

அந்த நண்பராக உட்கார நம் வட்டத்தில் யாருக்குத் தெரியும் என்று அன்று திண்ணையில் கேட்டோம். யாரும் கை தூக்கவில்லை. அடுத்த கூட்டம் அதற்காகத்தான், இரண்டாம் ஞாயிறு, அதே வீடு. பழைய தடுப்புக் காவல் உத்தரவுகளின் நகல்கள் சிலவற்றைப் பெயர்களை மறைத்துக் கொண்டுவருகிறோம். குடும்ப அட்டை வைத்திருக்கும் வீட்டுப் பிள்ளைகள் அதையும் ஒரு நகல் எடுத்து வாருங்கள். அசலை டின்னிலேயே விட்டுவிட்டு வாருங்கள்.